மலையில் ஹோம்ஸ்டே: முதல் கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொட்ட அன்றே எங்கள் வீட்டுப் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "இந்த சனி ஞாயிறு ரூம் இருக்குங்களா?" ஏற்காட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. அதில் நான்கு அறைகளை ஒதுக்கி, நானும் வீட்டுக்காரரும் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. அந்த ஏழெட்டு டிகிரிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

மலையில் பூர்விக வீடு வைத்திருக்கும் சிலர், தாங்களும் தொடங்கலாமா என்று இந்த வருடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கட்டில், திரைச்சீலை, சுவருக்கு என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கணக்கும் சொந்தக்காரர்கள் கணக்கும் சரியாக இருந்தால் மற்றதை எப்படியும் சமாளித்துவிடலாம்.

முதலில் கிணற்றை அளந்து பாருங்கள்

நாங்கள் தொடங்கிய வருடம் மே முதல் ஞாயிற்றுக்கிழமை. நான்கு அறையும் நிறைந்து 11 பேர் தங்கியிருந்தார்கள். காலை ஏழரை மணிக்கு மேல்தொட்டி காலி. ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு கதவைப் பாதி திறந்து, "அக்கா, தண்ணி நின்னுடுச்சு" என்றார். மோட்டாரைப் போட்டால் கிணற்றிலிருந்து காற்றும் சேறும்தான் வந்தது. அடுப்பில் சாம்பாருக்கு வைத்திருந்த வெந்நீரை இரண்டு வாளியில் ஊற்றி ஓடியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று எல்லோருக்கும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தப்பு எங்களுடையது. ஜனவரியில் கிணறு நிறைந்திருந்ததைப் பார்த்துவிட்டு மே மாதத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

அதனால், நீங்கள் அடுத்த கோடையில் தொடங்குவதாக இருந்தால் இந்தக் கோடையிலேயே கிணற்றை அளந்துவிடுங்கள். ஏப்ரல் கடைசி வாரம், விடியற்காலை, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் 1,000 லிட்டர் தொட்டி நிறைகிறது, எத்தனை நிமிடத்தில் தண்ணீர் கலங்குகிறது என்று பாருங்கள். நிறுத்திய பிறகு பழைய மட்டத்துக்கு ஊறி வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் எழுதி வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் உங்கள் கிணற்றின் உண்மையான வரவு தெரிந்துவிடும். போர்வெல்லாக இருந்தாலும் இதே மாதிரி நேரம் பார்க்கலாம்.

செலவுக் கணக்கை நாங்கள் இப்படிப் போடுகிறோம். ஒரு விருந்தினருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர். 9 பேர் என்றால் 1,350. வீட்டில் நாங்கள் 5 பேர், ஆளுக்கு 100 வீதம் 500. சமையல், பாத்திரம், தரை துடைப்பது, துணி எல்லாம் சேர்த்து 400. ஆகமொத்தம் 2,250 லிட்டர். கிணற்றின் வரவு இதற்குக் குறைவு என்றால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டும், அல்லது ஓர் அறையைப் பூட்டி வைக்க வேண்டும். நாங்கள் மே மாதத்தில் பூட்டித்தான் வைக்கிறோம். கட்டில் காலியாகக் கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

லாரி வாங்குவதாக இருந்தால், தண்ணீர் தீர்ந்த அன்று போன் செய்து பயனில்லை. எல்லா வீட்டிலும் அதே நாளில்தான் தீரும். மார்ச்சிலேயே பேசி வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பாதையில் வண்டி திரும்புமா, நிற்கும் இடத்திலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி குழாய் வேண்டும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய தண்ணீர் கழிவறைக்கும் துணிக்கும்தான். குடிக்கவும் சமைக்கவும் தனித்தொட்டி வைத்து, குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

குளியலறையில் ஒரு சின்ன மாற்றம் பெரிய மிச்சம் தரும். வாளியும் செம்பும் இருந்தால் ஒருவர் குளிக்க 40 லிட்டர் போதும். ஷவரைத் திறந்து பத்து நிமிடம் நின்றால் 100 லிட்டர் போய்விடும். ஷவரை எடுத்துவிடச் சொல்லவில்லை, நீர் குறைவாக விடும் தலையை மாட்டுங்கள். அப்புறம், வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் சூடு வரும்வரை பச்சைத் தண்ணீர் சும்மா ஓடுமே, அதைப் பிடிக்க அடியில் எப்போதும் ஒரு வாளி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பிடித்தது கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் போகிறது.

அறைச் சுவரில் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதி ஒட்டியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இப்போது வந்தவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அடியில் தெரியும் அந்தக் கொஞ்சத் தண்ணீரைப் பார்த்த பிறகு குழந்தைகள்கூடக் குழாயை இறுக மூடுகிறார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஓர் அறை

இதைப் பணக்கணக்கு எழுதுபவர்கள் யாரும் சொல்வதில்லை. பள்ளி விடுமுறை விட்டதும் வாடகை கொடுத்துத் தங்குபவர்கள் வருவதைப்போலவே, அண்ணன் பிள்ளைகள், அத்தை, சித்தி, கல்யாணமாகிப் போன மகள் என்று நம் வீட்டு மனிதர்களும் வருவார்கள். மலையில் வீடு இருக்கும்போது அவர்கள் வேறு எங்கே போவார்கள்? வரத்தானே வேண்டும்.

இரண்டாம் வருடம் எல்லா அறையையும் கொடுத்துவிட்டோம். பெரியம்மா பேரப்பிள்ளைகளோடு வந்தபோது கூடத்தில்தான் பாய் விரிக்க முடிந்தது. காலையில் விருந்தினர் காப்பி குடிக்க வந்தபோது அவர் அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாள் இருப்பதாக வந்தவர் மறுநாளே, "ஊர்ல வேலை கிடக்குது" என்று கிளம்பிவிட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்த வாரம் வந்த வருமானத்தை எண்ணவே எனக்கு மனசு வரவில்லை.

அதிலிருந்து மேலறை ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாடகைக்குக் கிடையாது. நான்கில் ஒன்று போனால் வருமானம் குறையும்தான். ஆனால் தண்ணீருக்காக எப்படியும் ஓர் அறையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறதே, அது சொந்தங்களுக்கான அறையாக இருக்கட்டும். அவர்கள் வாளியில் குளிப்பார்கள், தட்டைக் கழுவி வைப்பார்கள். தண்ணீர் தட்டுப்பாடு என்றால் அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லலாம்.

பொங்கல் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து தேதி கேட்டுவிடுங்கள். முதல் தடவை கேட்டபோது அத்தைக்கு வருத்தம். "ஏங் கண்ணு, நாங்க வர்றதுக்கும் தேதி வாங்கோணுமா?" என்றார். "தேதி மட்டும் சொல்லுங்க அத்தை, மேலறை உங்களுக்குத்தான். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றேன். இப்போது அவரே தை மாதம் கூப்பிட்டுவிடுகிறார். முடிந்தால் திங்கள் முதல் வியாழன் வரை வரச் சொல்லுங்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை உங்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது, வந்தவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வந்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். வரட்டும். ஆனால் விருந்தினருக்குப் பரிமாறுவது, அறை கூட்டுவது போன்ற வேலையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். விருந்தினர் யாராவது அத்தையைப் பார்த்து, "ஒரு தண்ணி கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் அது ஆறாது. முதல் நாளே, "இவங்க எங்க அத்தை, ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்று அறிமுகப்படுத்திவிடுங்கள்.

வேலைக்கு உதவ வருபவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. பக்கத்துக் கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெண்கள் இருவர் எங்களிடம் வருகிறார்கள். சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில் வரும். அவர்களுக்கு அது பெரிய நாள், மலை முழுக்க உள்ள கிராமங்களிலிருந்து சனம் திரளும். அந்த நாட்களில் அவர்களை வேலைக்கு எதிர்பார்க்காதீர்கள். தேதி தெரிந்ததும் காலண்டரில் குறித்து, இரண்டு அறைக்கு மேல் முன்பதிவு எடுக்காமல் இருந்துவிடுங்கள். ஏற்காட்டுக் கோடை விழாவும் மே மாதத்தில்தான். அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கும் நாட்களில் அறை தானாக நிறைந்துவிடும், விளம்பரம் எதுவும் வேண்டாம்.

காலையில் வெயில், மூன்று மணிக்கு மழை

கீழே மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். மேலேயும் மதியம் 12 மணி வெயில் சுள்ளென்றுதான் இருக்கும். ஊட்டிக் குளிரை நினைத்து வருகிறவர்களுக்கு முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்: பகலில் ஃபேன் தேவைப்படும், இரவில் போர்வை தேவைப்படும், ஏசி இல்லை. உள்ளதைச் சொன்னதற்காக முன்பதிவை விட்டுப்போனவர்கள் ரொம்பக் குறைவு.

கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். மார்ச், ஏப்ரலில் பெய்யும் முதல் மழையை இங்கே பூ மழை என்போம். அது பெய்து எட்டு ஒன்பது நாளில் காப்பிச் செடி கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம், தோட்டம் முழுக்கத் தேனீ. இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடி நிறம் மாறிவிடும். மழை பெய்ததும் நாளை எண்ணி, அடுத்த வாரம் வரவிருப்பவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். காசு கொடுத்து ஏற்பாடு செய்ய முடியாத காட்சி அது.

மழையை ஒட்டித்தான் வீட்டு வேலை நேரத்தை அமைக்க வேண்டும். விரிப்பும் உறையும் காலை 6 மணிக்கே துவைத்து, மதியம் ஒரு மணிக்குள் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கட்டிலில் ஒன்று, கொடியில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும் என்பார்கள். மலையில் நான்கு வையுங்கள். ஒருநாள் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையில் கல்லெறிந்த மாதிரி சத்தம். கொடியில் கிடந்த ஆறு விரிப்பும் சேற்றில் விழுந்து, மேலே புளியங்கொட்டை அளவுக்கு ஐஸ் கட்டி. விருந்தினர் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் ஒன்றாக முற்றத்தில் குதித்து, கிண்ணத்தில் ஐஸ் பொறுக்கினார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம். எனக்கு அன்று இரவு நான்காவது செட் இருந்ததால் தப்பித்தேன். முற்றத்தில் மிளகு காயப்போட்டிருந்தால் பக்கத்திலேயே தார்ப்பாயும் மடித்துக் கிடக்கட்டும்.

இடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிவிடுங்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே விட வேண்டும். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று உயரம், மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவதுதான் ஆபத்து. டிவி, வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மரக்கிளை விழுந்து மின்சாரம் போனால் திரும்ப வர நேரமாகும். இன்வெர்ட்டர் ஒன்று, அறைக்கு ஒரு டார்ச், வெந்நீருக்கு ஒரு விறகடுப்பு இருந்தால் அந்த இரவு நல்லபடியாகப் போகும்.

பெய்யும் மழையைப் பிடிப்பதும் அதே நாள் வேலைதான். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். சிதறி வீணாவது போக 1,600 நிச்சயம். எங்கள் கணக்கில் முக்கால் நாள் தண்ணீர் அது. முதல் பத்து நிமிட மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் அடித்துக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

வந்து இறங்குபவர்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வருகிறவர்களில் குழந்தையோ பாட்டியோ யாராவது ஒருவர் வாந்தியெடுத்துத்தான் வந்து சேர்வார்கள். கார் நின்றதும் பதிவேட்டை நீட்டாதீர்கள். வாசல் திண்ணையில் தண்ணீர், துண்டு, நறுக்கிய எலுமிச்சம்பழம், கொஞ்சம் உப்பு. முகம் கழுவி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடித்து, பத்து நிமிடம் காற்றாட உட்காரட்டும். அடையாள அட்டையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வெறும் வயிற்றிலும் வர வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் வர வேண்டாம், இருட்டுவதற்குள் மேலே வந்துவிடுங்கள் என்று முதல் நாளே செய்தி அனுப்புங்கள். இறங்கும்போது சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். நெரிசல் நாட்களில் மலைக்கு இன்னொரு வழியான குப்பனூர் பாதையையும் சேர்த்து ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று மாற்றிவிடுவது உண்டு. அன்றன்று விசாரித்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

சாப்பாட்டில் பட்டியல் நீட்ட வேண்டாம். காலை உணவும் இரவு உணவும் போதும், மதியம் வெளியே சுற்றப் போய்விடுவார்கள். இரவுக்கு எத்தனை பேர், சைவமா அசைவமா என்று காலை 10 மணிக்குள் கேட்டு அந்த அளவுக்கு மட்டும் சமையுங்கள். மிளகுக்கோழி, சாமைச்சோறு, ரசம், நம் தோட்டத்துப் பலாப்பழம். சாப்பிட்டவர்கள் யாரும் பனீர் இல்லையே என்று வருத்தப்பட்டதில்லை. காப்பி மட்டும் உங்கள் கொட்டையில் வறுத்து அரைத்த டிகாக்‌ஷனாக இருக்கட்டும்.

குரங்குக்கு ஜன்னலில் கம்பி வலை, குப்பைக்கு மூடியுள்ள தொட்டி. காட்டெருமை சாயங்காலம் தோட்டத்துக்குள் வருவது இப்போது சகஜமாகிவிட்டது. பார்க்கச் சாதுவாக நிற்கும். போட்டோ எடுக்கக் கிட்டே போகவும், கண்ணில் டார்ச் அடிக்கவும் விடாதீர்கள். இருட்டிய பிறகு முற்றத்தைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பதில் எங்களிடம் விலக்கு கிடையாது. 108 எண்ணும், ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியும் ஒவ்வோர் அறைக் கதவின் பின்புறமும் எழுதியிருக்க வேண்டும்.

காகித வேலை

இதைத் தள்ளிப் போடாதீர்கள். சுற்றுலாத் துறையில் பதிவு, ஊராட்சியில் விசாரிப்பு, சமைத்துப் போடுவதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு, மின்கட்டண வகை பற்றி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு கேள்வி. மலைக்கிராமத்தில் புதிதாகக் கட்டுவதாக இருந்தால் மலையிடப் பாதுகாப்புக்கான அனுமதி தேவையா என்று கல் இறக்கும் முன்பே கேளுங்கள். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக்கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் மனைவி வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றாலும் விசாரித்துவிடுங்கள். தூக்கியெறியும் பிளாஸ்டிக் டம்ளருக்கும் தட்டுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை, எவர்சில்வரே போதும்.

ஜூன் முதல் வாரம்

பள்ளி திறந்ததும் மலை சட்டென்று அமைதியாகிவிடும். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. மெத்தைகளை இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். தொட்டியில் இறங்கி அடிவண்டலை வழித்துக் கழுவுங்கள், தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் அது முடியும். கூரை ஓரத் தகரத்தில் அடைத்த சில்வர் ஓக் சருகை அள்ளுங்கள். சீசன் முழுக்க எந்த நாள் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று எழுதிய நோட்டை எடுத்து, அடுத்த வருடத்துக்கு எத்தனை அறை என்று இப்போதே குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த வாரம் கடைசியாகக் கிளம்புவது அத்தைதான். பலாக்கொட்டையை மண்ணில் புரட்டி, பழைய துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு, காரில் ஏறும்போது கேட்பார்: "அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லிரட்டுமா கண்ணு?" நோட்டில் முதல் பெயராக எழுதிக்கொள்வேன்.